நீங்க முதல்ல இறங்குங்க

ஏமாங்குளத்து ஆண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உலையில் இருக்கிற சோறு குழைந்துவிடும் என்று அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். குழைந்தால் குழைந்துவிட்டுப் போகிறது, கேளுங்கள்.

அந்த ஊர் ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கூடுதலாகவும் செய்ய மாட்டார்கள், குறைத்தும் செய்ய மாட்டார்கள். ஏன் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று யோசிக்கிற கெட்ட பழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது.

வெள்ளத்தாயி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான புதிதில் முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு, "கோழி வந்தா விரட்டுங்க" என்று புருஷன் உத்தண்டிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கோழி வந்தது. உத்தண்டு விரட்டினான். கம்மாய்க்கரை தாண்டி, ஊர் எல்லை தாண்டி, பக்கத்து ஊர்ச் சந்தை வரைக்கும் விரட்டிவிட்டுச் சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். அதற்குள் மற்றக் கோழிகளெல்லாம் நெல்லைத் தின்று தீர்த்திருந்தன.

"நீ சொன்ன கோழிய இனிமே இந்தப் பக்கமே பாக்க முடியாது" என்றான் உத்தண்டு, பெருமையாக.

அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த உத்தண்டுதான் ஊருக்குத் தலைவன் என்று. ஊரிலேயே அதிகம் விவரம் தெரிந்தவனாம். அப்படியானால் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட ஊரில் குடித்தனம் பண்ணி, பூமயில் என்று ஒரே ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, டவுனில் கட்டிக்கொடுத்தாள் வெள்ளத்தாயி. மாப்பிள்ளை தங்கம். மாப்பிள்ளையின் அம்மா முப்பிடாதிதான் கொஞ்சம் அப்படி இப்படி. கல்யாணத்தன்று சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய முதல் காப்பியை ஏமாங்குளத்தான் எவனோ ஒருவன் நாதஸ்வரக்காரருக்குக் கொடுத்துவிட்டான். முப்பிடாதி அதற்கப்புறம் ஒரு வருஷம் வெள்ளத்தாயியோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் காப்பியைப் பற்றித்தான் பேசினாள்.

பூமயிலுக்கு இப்போது மாதம் நெருங்கிவிட்டது. வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வெள்ளத்தாயி போய்க் கேட்டாள்.

"அனுப்ப மாட்டேன்" என்றாள் முப்பிடாதி.

"என்ன மதினி இப்படிச் சொல்லுதீக?"

"பின்ன எப்படிச் சொல்ல? பஸ்ஸு வராத ஊரு. ராத்திரி வலி கண்டா கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு ஓடுவீகளா? தூக்குறது யாரு, உங்க ஊரு ஆம்பளைகளா? கட்டிலைக் கொண்டாங்கன்னா கட்டிலை மட்டும் கொண்டு வந்து சேப்பானுக. உங்க ஊருக்குப் பஸ்ஸு வரட்டும். முதல் பஸ்ஸுல நீங்க வந்து டவுன்ல இறங்குங்க. நான் புள்ளையோட பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். என் கண்ணால பஸ்ஸைப் பாத்தா, அதே பஸ்ஸுல அனுப்பி வைக்கேன். இல்லைன்னா பிரசவம் இங்கதான்."

வெள்ளத்தாயி வெறுங்கையோடு திரும்பினாள். முதல் பேரப்பிள்ளை சம்பந்தி வீட்டில் பிறந்தால் சாகிறவரைக்கும் அது ஒரு பேச்சாகிவிடும். காப்பிப் பேச்சே இன்னும் முடியவில்லை.

முன்னொரு காலத்தில் ஏமாங்குளத்துக்குப் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. வந்த ஒரே வாரத்தில் நின்றது. கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் உள்ளே போய், உள்ளே போய், டிரைவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மரியாதை தெரியாத ஊர் என்று பஸ்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளத்தாயி தானே டிப்போவுக்கு நடந்து போனாள். மேனேஜர் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவர் நல்ல மனிதர்.

"விடுறேம்மா. ஆனா டிரைவர், கண்டக்டருக்கு ரெஸ்பெக்ட் குடுக்கணும். மரியாதைக் குறைவுன்னு ஒரு புகார் வந்தா, அன்னைக்கே பஸ்ஸை நிறுத்திருவேன்."

அவள் சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். வந்து ஒரு தப்புச் செய்தாள். அந்த ஆண்களையெல்லாம் வீட்டில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, புருஷனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காலைல பஸ்ஸு வருது. எல்லாரும் மரியாதையா நடந்துக்கிடணுமாம். இல்லைன்னா பஸ்ஸு நின்னு போகும். பூமயில் வீடு வந்து சேர மாட்டா. சொல்லி வையுங்க."

உத்தண்டு சொல்லி வைத்தான். சாயங்காலமே ரேஷன் கடை வாசலில் ஊர்க் கூட்டம் கூடிவிட்டது.

"மரியாதை குடுக்கணுமாம்" என்றான் உத்தண்டு. "அது நம்ம கிட்ட எவ்வளவு இருக்கு, எங்க இருக்கு, எப்படிக் குடுக்குறது, இதை இன்னைக்கே முடிவு பண்ணணும்."

அணஞ்சபெருமாள் எழுந்தான். இவன் கொஞ்சகாலம் திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றவன். வெளி உலகம் தெரிந்தவன் என்று ஊரில் பேர்.

"அண்ணாச்சி, மரியாதைன்னா எந்திரிச்சு நிக்கிறது. எங்க முதலாளி வந்தா நாங்க எல்லாரும் நிப்போம். அவரு போற வரைக்கும் உக்கார மாட்டோம்."

"அவரு போகலைன்னா?"

"ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் போகலை. நின்னோம்."

கூட்டம் அவனை வியந்து பார்த்தது.

"நிக்கிறதெல்லாம் சின்ன மரியாதை" என்றார் கோயில் பூசாரி மாசானம். இவர்தான் ஊரில் மூத்தவர். "பெரிய மரியாதைன்னா கோயில் மரியாதை. தலையில பரிவட்டம் கட்டணும். மாலை போடணும். திருநீறு பூசணும். அதுவும் முதல் மரியாதை யாருக்குன்னு தெரியாமக் குடுத்தா வெட்டுக்குத்து ஆயிரும்."

"தோள்ல கிடக்குற துண்டை இடுப்புல கட்டணும்" என்றான் ஒருவன்.

"பெரியவங்க பேரைச் சொல்லக் கூடாது" என்றான் இன்னொருவன். "எங்க வீட்டுல அவ என் பேரைச் சொல்ல மாட்டா."

"உன் பேரை ஏன் சொல்லப் போறா? அவ உன்னைக் கூப்பிடுறதே 'ஏ கழுத'ன்னுல்லா."

"அதுதான் மரியாதை. பேரைச் சொல்லலையே."

"சரிசமமா உக்காரக் கூடாது" என்றான் உத்தண்டு. "முதுகைக் காட்டக் கூடாது. முக்கியமா, அடுத்தவங்களை முன்னால விட்டு நாம பின்னால போகணும். இடிச்சுத் தள்ளிக்கிட்டு முதல்ல ஏறுறவன் மரியாதை கெட்டவன்."

இப்படியே இருட்டுகிற வரைக்கும் பேசினார்கள். மரியாதையில் எந்த மரியாதை சரியான மரியாதை என்று முடிவுக்கு வர முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. குறைந்தால்தானே புகார்.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போன வெள்ளத்தாயி குடத்தை இறக்கி வைத்தாள். "ஏங்க, ஏறணும், உக்காரணும், டிக்கெட் வாங்கணும். அவ்வளவுதான் மரியாதை" என்றாள்.

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்றார் மாசானம். "ஏறி உக்காருறது பிரயாணம் தாயி. மரியாதை வேற."

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெள்ளத்தாயி நல்ல சேலை கட்டி, சம்பந்திக்கு முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மற்றப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்று டவுனில் வேலை இல்லை. ஆண்களுக்கும் இல்லை. மரியாதை கொடுப்பதற்காக மட்டும் ஒரு பஸ் நிறைய ஆட்கள் கிளம்பி நின்றார்கள்.

பஸ் வந்தது. டிரைவர் தங்கப்பழம் நிறுத்தியதுதான் தாமதம், மாசானம் ஓடிவந்தார். கையில் பட்டுத்துணி.

"முதல் மரியாதை யாருக்கு?" என்று அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். டிரைவர் பெரியவரா, கண்டக்டர் பெரியவரா என்ற வம்பே வேண்டாம் என்று பஸ்ஸுக்கே பரிவட்டம் கட்டிவிட்டார். முன்கண்ணாடி முழுக்கப் பட்டு மூடிக்கொண்டது. வைப்பரில் மாலை தொங்கியது. ஹெட்லைட் இரண்டிலும் திருநீறு பட்டை பட்டையாகப் பூசியாயிற்று.

"யோவ், எனக்கு ரோடு தெரியலைய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் தங்கப்பழம்.

"பரிவட்டம் கட்டுனா அப்படித்தான் சாமி இருக்கும். எங்க ஊர்ல போன வருஷம் கட்டுனவருக்கும் மூக்கு வரைக்கும் இறங்கிட்டு" என்றார் மாசானம் பணிவாக.

வெள்ளத்தாயி ஏறிப்போய்த் துணியை உருவி எறிந்தாள். கையோடு டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க வண்டிய எடுங்க அண்ணாச்சி. அவங்க கிடக்காங்க" என்றாள்.

"எப்படிம்மா எடுக்க? ஒத்த டிக்கெட்டுக்கு வண்டி போனா, நாளைக்கு மேனேஜர் இந்த ஊர்ப் பக்கமே விட மாட்டார்" என்றார் தங்கப்பழம்.

அது உண்மை. வெள்ளத்தாயி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏறுங்க எல்லாரும்!"

யாரும் ஏறவில்லை. எல்லாரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, படியைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள்.

"பூசாரி அண்ணாச்சி, நீங்க முதல்ல ஏறுங்க. மூத்தவரு."

"ஊர்த் தலைவரை விட்டுட்டு நான் ஏறவா? நீரு ஏறும் வே."

"அணஞ்சபெருமாள் திருப்பூர் பாத்தவன். அவன் ஏறட்டும்."

"அய்யோ அண்ணாச்சி, அவ்வளவு மரியாதை கெட்டவனா நான்?"

கோயில் கொடைத் திருவிழாவில் முதல் திருநீறு வாங்குவதற்கு ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்துக்கொண்ட பரம்பரை அது. இன்றைக்கு ஒருவன் காலில் ஒருவன் விழுகிறான். வெள்ளத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வெயில் ஏறியது. கண்டக்டர் விசில் ஊதினார். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று எல்லாரும் வாய் பொத்தி நின்றார்கள். அவர் முடித்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

டவுனில் முப்பிடாதி இந்நேரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வெயிலில் நிற்பாள். பஸ் வராது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாள். அந்தக் குரல் வெள்ளத்தாயியின் காதிலேயே கேட்டது.

முட்டாளை முட்டாள் வழியிலேயே போய்த்தான் இழுத்து வர வேண்டும். அவள் ஜன்னலில் கையைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க. யாரு முதல்ல ஏறுனாங்கன்னு யாருக்கும் தெரியாது. யாருக்கும் மரியாதைக் குறைவு இல்ல."

கூட்டம் அசந்து போயிற்று. "ஏ புள்ள, இது என் புத்தியில்லா உனக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்றான் உத்தண்டு.

கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்கள். அந்தக் கண்றாவியை எப்படிச் சொல்வது! அணஞ்சபெருமாள் பின்பக்க ஏணியைப் பிடித்து மேலே ஏறி, பஸ் கூரையில் நின்றுகொண்டு "உள்ள நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றான். உத்தண்டு கண்டக்டரின் தோளைப் பிடித்து, அவர் இடுப்பில் காலை வைத்து, "படி ஏன் நெளியுது?" என்று கேட்டான். ஒருவன் வழி தவறிப்போய் பக்கத்தில் நின்ற மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் கேட்டான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களே ஆளுக்கு ஒருவனாகப் பிடித்துத் திணித்து முடித்தார்கள்.

ஏறியும் உட்காரவில்லை. டிரைவருக்குச் சரிசமமாக எப்படி உட்காருவது? நிற்கவும் முடியவில்லை, நின்றால் டிரைவரை விட உயரமாகிவிடுகிறது. ஆகவே சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, தரையில் குந்தி உட்கார்ந்தார்கள்.

கண்டக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க போகணும்?"

"பெரிய ஊருக்கு" என்றான் உத்தண்டு.

"எந்தப் பெரிய ஊரு?"

"எங்க ஊரை விடப் பெருசு. அதனால பேரைச் சொல்ல மாட்டோம். உங்களுக்குத் தெரியாததா?"

கண்டக்டர் வாயைத் திறந்தார், மூடினார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

பாதி வழியில் மாசானம் திடுக்கிட்டார்.

"உத்தண்டு, கவனிச்சீரா? நாம யாருக்கும் முதுகு காட்டலை. ஆனா டிரைவர் கிளம்புனதுல இருந்து நமக்கு முதுகைத்தான் காட்டுறாரு."

பஸ்ஸுக்குள் ஒரு வருத்தம் பரவியது.

"நம்ம மேல என்ன கோவமோ" என்றான் அணஞ்சபெருமாள். அவனைக் கூரையிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

உத்தண்டு குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து முன்னால் போனான். "சாமி, எங்க மேல தப்பு இருந்தா மன்னிச்சிருங்க. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பி உக்காந்து ஓட்டுனீங்கன்னா எங்க மனசு ஆறும்."

"திரும்புனா எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேர வேண்டியதுதான்!" என்றார் தங்கப்பழம்.

"எங்களுக்கும் அதுதான் ஆசை. எல்லாரும் ஒண்ணா டவுன்ல போய்ச் சேரணும்."

வெள்ளத்தாயி எழுந்து டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பி விட்டாள். அதில் தங்கப்பழத்தின் முகம் தெரிந்தது. ஆண்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் முறைத்தார். முறைத்தாலும் முகம் காட்டிவிட்டார் என்று நிம்மதியானார்கள்.

டவுன் பஸ் ஸ்டாண்டில் முப்பிடாதி நின்றாள். பக்கத்தில் பூமயில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. வெள்ளத்தாயி பஸ் நிற்பதற்கு முன்னாலேயே இறங்கி ஓடினாள். தூக்குவாளியைச் சம்பந்தி கையில் கொடுத்தாள்.

முப்பிடாதி பஸ்ஸைப் பார்த்தாள். உள்ளே கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. சம்பந்தியைக் கண்டதும் அத்தனை ஆண்களும் எழுந்து, இடுப்பில் துண்டோடு, கும்பிட்ட கையோடு நிற்கிறார்கள். அவள் முகம் மலர்ந்தது.

"இம்புட்டு மரியாதை உங்க ஊருக்காரனுகளுக்கு எப்ப வந்துச்சு மதினி? அன்னைக்கு ஒரு காப்பி குடுக்கத் தெரியலை."

"எல்லாம் இப்பத்தான் மதினி" என்றாள் வெள்ளத்தாயி. "நீங்க ஏதும் கேட்டுறாதீக, நேரமாகுது."

பூமயிலை ஏற்றினாள். பஸ் திரும்பியது. ஒரு ஆண்கூட டவுனில் இறங்கவில்லை என்பதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கி என்ன செய்யப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

ஏமாங்குளம் வந்தது. பூமயிலைக் கைத்தாங்கலாக இறக்கினாள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். நாலு எட்டு நடந்த பிறகுதான் வெள்ளத்தாயி திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் ஆண்கள் வாசலைச் சுற்றி அரைவட்டமாக நின்றிருந்தார்கள்.

"பூசாரி அண்ணாச்சி, நீங்க முதல்ல இறங்குங்க."

"தலைவர் நீரு இருக்கையில நானா?"

"அட, ஏறுன மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு இறங்கித் தொலைங்க!" என்று கத்தினாள் வெள்ளத்தாயி.

உத்தண்டு தலையை ஆட்டினான். "அது தப்பு புள்ள. கண்ணை மூடி ஏறுனதுல பூசாரி காலை நான் மிதிச்சிட்டேன். பெரியவங்க காலை மிதிக்கிறது எவ்வளவு பெரிய அவமரியாதை! இனிமே என்ன ஆனாலும் கண்ணைத் திறந்துதான்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. கூடவே அவர்களும் கிளம்பினார்கள்.

அடுத்த நடையிலும் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. பஸ் டவுனுக்குப் போகும், ஏமாங்குளம் வரும், ராத்திரி டிப்போவில் படுக்கும். அவர்களும் போனார்கள், வந்தார்கள், படுத்தார்கள். பெண்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள்.

"அப்படின்னா கொல்லைக்குப் போறதுக்கு?" என்று கேட்பீர்கள். வெள்ளத்தாயியும் கேட்டாள்.

"பின்னால ஒரு கதவு இருக்கு. 'அவசர வழி'ன்னு எழுதியிருக்கு" என்றார் மாசானம் ஜன்னல் வழியாக. "அது வழியாப் போறது இறங்குறதுல சேராது. அது அவசரம். அவசரத்துக்கு மரியாதை பாக்க வேண்டியதில்லைன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டோம். போயிட்டு அதே வழியா ஏறிக்கிடுவோம்."

"அதே கதவு வழியா இறங்கி வீட்டுக்கு வரலாமே?"

மாசானம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தாயி, வீட்டுக்கு வர்றது என்ன அவசரம்?"

வெள்ளத்தாயி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஊர் நன்றாகத்தான் இருந்தது. நாற்று நேரத்துக்கு நடப்பட்டது. காயப்போட்ட நெல் காயப்போட்ட இடத்திலேயே கிடந்தது. பெண்கள் அதே பஸ்ஸில் ஏறினார்கள், இறங்கினார்கள், சந்தைக்குப் போனார்கள், வந்தார்கள். அவர்களுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. இதுவரைக்கும் அவர்களுக்கு யாரும் மரியாதை கொடுத்ததும் இல்லை, எதிர்பார்த்ததும் இல்லை. அதனால் வாசல் திறந்ததும் இறங்கிவிடுவார்கள்.

டிப்போ மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். எந்த நடைக்குப் பார்த்தாலும் ஏமாங்குளம் பஸ் நிறைந்து வழிகிறது. மரியாதையிலும் ஒரு குறையும் இல்லை. எல்லா ஊரும் இந்த ஊரைப் போல இருக்க வேண்டும் என்று அவர் மற்ற டிரைவர்களிடம் சொன்னாராம். தங்கப்பழம் மட்டும் வேறு பஸ் கேட்டு மனுப் போட்டார். கிடைக்கவில்லை.

பூமயிலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். தாய் வீட்டில். வெள்ளத்தாயிக்குத் தரையில் கால் பாவவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் வழியாக உத்தண்டிடம் காட்டினாள்.

"இறங்கி வந்து பேரனைத் தூக்குங்க."

"பூசாரி இறங்கட்டும், பின்னாலயே வந்துருதேன்" என்றான் உத்தண்டு, கண்ணில் தண்ணீரோடு.

"தலைவர் இறங்கட்டும், பின்னாலயே வந்துருதேன்" என்றார் மாசானம், அவரும் கண்ணில் தண்ணீரோடு.

"போய்க்கிட்டே இருங்க" என்றாள் வெள்ளத்தாயி. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். இத்தனை வருஷமாக இந்தக் கூட்டத்தோடு குப்பை கொட்டியும் புத்தி கெடாமல் இருக்கிறோமே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

குழந்தைக்குப் பேர் வைக்கிற நாள் வந்தது. முப்பிடாதியை முறைப்படி அழைக்க வேண்டும். ஆள் அனுப்பினால் ஆகாது, நேரில் போய்க் கூட்டி வர வேண்டும். காப்பி விஷயம் மாதிரி இன்னொன்று ஆகிவிடக் கூடாதே என்று வெள்ளத்தாயி ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். முப்பிடாதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பேரனுக்கு வெள்ளி அரைஞாணோடு புறப்பட்டாள். ஏறும்போது சிக்கல் இல்லை. வெள்ளத்தாயி கீழே நின்று சம்பந்தியை முதலில் ஏற்றிவிட்டு, பின்னால் ஏறினாள். ஆண்கள் எழுந்து கும்பிட்டு, தரையில் தள்ளி உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் வழி விட்டார்கள். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க இந்த முட்டாள்களைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஏமாங்குளம் வந்தது. கீழே பூமயில் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள்.

வெள்ளத்தாயி வாசல் வரைக்கும் வந்து ஒதுங்கினாள். "இறங்குங்க மதினி."

முப்பிடாதி படியில் காலை வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, காலை எடுத்துக்கொண்டாள். "என்ன மதினி, உங்க ஊரு. பிரசவத்தை நல்லபடியாப் பாத்துக் குடுத்தவுக நீங்க. உங்களை முந்திக்கிட்டு நான் இறங்குனா நல்லாருக்குமா? நீங்க முதல்ல இறங்குங்க."

வெள்ளத்தாயி இன்னும் ஒரு எட்டுப் பின்வாங்கினாள். சம்பந்தியைப் பின்னால் விட்டு முன்னால் இறங்குவதா? நாளைக்கே அது ஒரு பேச்சாகிவிடும். காப்பியாவது கை தவறியது என்று சொல்லலாம். இது கண்ணெதிரில் நடப்பது.

"அய்யோ மதினி, நீங்க மாப்பிள்ளையைப் பெத்தவுக. நீங்கதான் முதல்ல."

"நீங்க இறங்குங்க மதினி, நான் பின்னாலயே வந்துருதேன்."

"நீங்க இறங்குங்க, நான் வந்துருதேன்."

ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உத்தண்டு மட்டும் மாசானத்தின் விலாவில் இடித்து, "பாத்தீகளா, நம்ம வீட்டுக்காரிக்கும் மரியாதை வந்துட்டு" என்றான்.

கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

"அம்மா!" என்று கீழேயிருந்து கூப்பிட்டாள் பூமயில். பஸ் திரும்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. வாசலில் இரண்டு பட்டுச்சேலைகள் ஒன்றையொன்று பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போவது கம்மாய்க்கரை வளைவு வரைக்கும் தெரிந்தது.

பூமயில் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்த கெட்டிக்காரி. அங்கேயே நின்று அழுதுகொண்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். அடுத்த நடைக்கு அப்பாவுக்குச் சோறு கட்டும்போது கூட இரண்டு பொட்டலம் கட்டினாள். காப்பியையும் தூக்குவாளியில் ஊற்றி, தப்பு நடந்துவிடக் கூடாதே என்று கொண்டுபோகிறவளிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்:

"முதல்ல மாமியாருக்குக் குடு."